ஓரம் தேய்க்காத கண்ணாடி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. நாற்பது வருடமாக ஊர் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டது. கடைசி ஒரு வருடமாக, முதுகுக்குப் பின்னால், விரிசல் என்றது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், "விரிசல் வருது, விரிசல் வருது" என்று வீட்டுக்கு வீடு செய்தி ஓடும். அவர் காதிலும் விழும். விழாத மாதிரி நடப்பார். சுவருக்கே காது உண்டு என்கிறார்கள், சுவர் கட்டினவருக்கு இருக்காதா?

சரிவில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. தெருக்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கிப் போகும். ஆற்றங்கரைத் தெருவுக்கு நேர் மேலே இருப்பது கீழ் வரிசை. அதில் முப்பத்திரண்டு வீடுகள். பத்தொன்பது வீடுகள் மேஸ்திரி கையால் எழும்பியவை, அவருடைய சொந்த வீடும் சேர்த்து.

ஊருக்கு அடியில் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. சுரங்கத்தின் கூரை இறங்காமல் இருக்க, நிலக்கரியையே அங்கங்கே வெட்டாமல் தூணாக விட்டு வைப்பார்கள். யுத்தம் வந்தது. ரயில் ஓட வேண்டும், பீரங்கி வார்க்க வேண்டும், நிலக்கரி போதவில்லை. அந்தத் தூண்களையும் எடுங்கள் என்று உத்தரவு வந்தது, எடுத்தார்கள். அந்த யுத்தத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டால் இன்றைக்கு ஊரில் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். தூண் போனதைப் பூமி மட்டும் மறக்கவில்லை. எடுத்தவர்களில் மேஸ்திரியின் அப்பாவும் ஒருவர். "எங்கப்பா கீழ தூணை எடுத்தாரு, நான் மேல தூணை நட்டேன்" என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார். அது அவர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை. மூடிக் கிடந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் இறங்கியது. முதலில் கீழ் வரிசையில் கதவுகள் சாத்த மறுத்தன. ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் தரையில் விழுந்த வெங்காயம் தானாக மூலைக்கு உருண்டு போனது. அப்புறம்தான் சுவரில் கோடு விழுந்தது. சுரங்கக் கம்பெனி மழையைக் கை காட்டியது. மழைக்கு வக்கீல் கிடையாது, அதனால் விவகாரம் அத்தோடு முடிந்தது.

ஊர் அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் பெண்ணுக்கு மேஸ்திரியின் மகள் வயதுதான் இருக்கும். சுவர் நகர்வதை அளக்கும் கருவிக்கு எழுதிப் போட்டிருந்தாள், வந்தபாடில்லை. அதுவரை பழைய முறையில் பார்க்கலாம் என்று மேஸ்திரியை வேலைக்கு எடுத்தாள். பழைய முறை என்பது ரொம்பச் சின்ன விஷயம். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் ஜன்னல் கண்ணாடித் துண்டு. விரிசலுக்கு இரண்டு பக்கமும் பூச்சைச் சுரண்டி, துண்டைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டரால் ஒட்டி, சிவப்பு பெயிண்டில் தேதி எழுத வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு தடவை உடைந்தால் புதிய துண்டு. இரண்டாம் தடவையும் உடைந்தால் வாசலில் சிவப்பு வட்டம், பத்து நாளில் வீடு காலி. காலியான வீட்டை இயந்திரம் வந்து தட்டிவிடும். தானாக விழ விட்டால் ஆற்றங்கரைத் தெரு மேல் போய் விழும்.

மேஸ்திரி செய்த ஒரு காரியத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வெட்டின ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கல்லில் தேய்த்து மழுக்குவார். குழந்தைகள் இருக்கிற வீடு, சும்மா இருக்குமா, தடவிப் பார்க்கும். வீடு போகப் போகிறது, விரலாவது மிஞ்சட்டும் என்பார்.

திங்கட்கிழமைகளில் அவர் பார்த்த கூத்தைச் சொன்னால் ஒரு நாள் போதாது. ஒரு வீட்டில் கண்ணாடி மேல் காலண்டர் தொங்கும். ஒரு வீட்டில் அந்த அறைக்குச் சாவி தொலைந்துபோயிருக்கும். சலவைக்காரர் வீட்டில் கண்ணாடியைப் போர்வையால் போர்த்தி, "குளிர்ல உடைஞ்சிரும்ல" என்றார். பாதிக்கு மேல் சிரிப்பு வரும். அப்புறம் மேஸ்திரி காலண்டரைத் தூக்குவார், துண்டு இரண்டாகக் கிடக்கும். நோட்டை எடுத்து, வீட்டு எண்ணுக்கு நேராக 'உடைந்தது' என்று எழுதுவார். எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்பார்கள். "ஒண்ணும் பண்ண முடியாதா மேஸ்திரி?"

"நான் உடைக்கலையேம்மா. பார்க்கிறேன், அவ்வளவுதான்."

இப்படி எட்டு வீடுகளை எழுதினார். அதில் ஐந்து அவர் கட்டியவை. எழுதின அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்காருவார், பிசைவார், எழுந்து கை கழுவிவிடுவார். மனைவி தட்டை எடுத்துப் போய் மூடி வைப்பாள்.

அவருடைய வீடு பதினேழாம் எண். வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் பதினோரு வருடம் கட்டிப் பார்த்தார். பகலெல்லாம் அடுத்தவர் வீடு, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை தன் வீடு. பத்து எம்எம் கம்பி போதும் என்ற இடத்தில் பன்னிரண்டு போட்டார். சுவர் எழும்ப எழும்ப அதை நனைத்தது மனைவி. மகள் வயிற்றில் இருந்த மாதங்களிலும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றினாள். "கட்டினது அவரு, இறுகினது என்னால" என்று யார் வந்தாலும் சொல்வாள். சிமெண்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அதை மறுக்க முடியாது.

அந்த வீட்டில் ஒரே ஒரு தப்பு செய்தார். எல்லாம் முடிந்த பிறகு, அடுப்படியில் நின்றால் தெரு தெரியவில்லை, நாள் பூரா சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள் மனைவி. மூலைக்குப் பக்கத்தில் ஜன்னல் வைக்கக் கூடாது. அது கையாளுக்குக்கூடத் தெரியும். வேறு ஒருவர் கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பார். இவள் கேட்டாள், வெட்டிக் கொடுத்தார். வெட்டி முடித்துவிட்டு, "இந்த வீட்டுல நோஞ்சான் இடம் இது ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாத, மேஸ்திரி மானம் போயிடும்" என்றார். இருபத்தாறு வருடம் அவள் சொல்லவில்லை.

படுக்கையறைச் சுவரில் கோடு விழுந்ததும் தன் வீட்டுக்கும் ஒரு துண்டு ஒட்டினார். கட்டிலுக்கு நேர் எதிரே. காலையில் கண் விழித்ததும் அதைப் பார்ப்பார். முழுசாக இருக்கும். "நம்ம வீடு நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுவார். படுத்துக்கொண்டே பார்ப்பதோடு சரி, கிட்டே போய்த் தொட்டதில்லை. ஊர்ச் சுவரையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தவருக்குத் தன் வீட்டுச் சுவர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். டிரைவர் தமாஷ் பேர்வழி. தரை சாய்ந்ததும், "முப்பது வருஷம் சாய்ஞ்ச ரோட்டுல ஓட்டினவன், எனக்கென்ன" என்று கட்டிலின் இரண்டு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுத்தவர். அவர் வீட்டுக் கண்ணாடி ஒரு தடவை உடைந்து, புதியது ஒட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, செருப்புக்கூட இல்லாமல் டிரைவர் மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, ரெண்டாவதும் உடைஞ்சிருச்சு. நாங்க இப்பவே கெளம்பிடணுமா? மச்சான் வீட்டுல ரெண்டு நாள் இருந்துக்கலாம்னு இவ சொல்றா."

மேஸ்திரி யோசித்தார். உள்ளே போய்த் தன் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "டிரைவரண்ணே, உங்க சுவரும் என் சுவரும் ஒண்ணுதானே. என்னுது அப்படியே இருக்கு. உங்களுது பிளாஸ்டர் சரியா பிடிக்காம விட்டிருக்கும். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்."

"நீங்க சொன்னா சரி" என்றார் டிரைவர். போகும்போது, அவசரப்பட்டு பிரேக் போட்டால் பின்னால் இருக்கிறவன் வந்து இடிப்பான் என்று ஒரு ஜோக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிரைவர் வீட்டில், நடுச்சுவரோடு ஒட்டியிருந்த பின்கட்டுச் சுவர் விழுந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. தெருவே சேர்ந்து கல்லைப் புரட்டியது, மேஸ்திரிதான் எந்தக் கல்லை முதலில் எடுப்பது என்று சொன்னார். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா சொன்னார். "உங்க வீடு நிக்குதேன்னுதான் மேஸ்திரி நாங்களும் நின்னோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மேஸ்திரி வீட்டுக்குள் போனார், படுக்கையறைக்குப் போனார். ஒரே சுவர். அந்தப் பக்கம் அதோடு ஒட்டினது விழுந்திருக்கிறது, இந்தப் பக்கம் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நாற்பது வருட வேலையில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. முதல் தடவையாகக் கிட்டே போய், துண்டின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். சுரீர் என்றது. விரல் நுனியில் ரத்தம் திரண்டு சுவரில் சொட்டியது.

ஓரம் தேய்க்காத கண்ணாடி. அது அவர் வெட்டியதே இல்லை.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. துணியைக் கிழித்து வந்து அவர் விரலைக் கட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து கட்டில் மேல் கவிழ்த்தாள். உடைந்த துண்டுகள். எல்லாவற்றிலும் அதே தேதி. ஒன்றில் மட்டும் அது அவர் எழுத்து; மற்றதெல்லாம் அவர் எழுத்தைப் பார்த்து அவள் வரைந்தது.

"எத்தனை?" என்றார்.

"ஆறு. முதல்ல ஒரு மாசம் தாங்குச்சு. அப்புறம் மூணு வாரம். அப்புறம் பத்து நாள். இந்த வாரம் மட்டும் ரெண்டு. நீங்க வேலைக்குப் போனதும் மாத்திருவேன்." அவள் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வெட்டறது, ஒட்டறது எல்லாம் பார்த்துப் பார்த்து வந்திருச்சு. ஓரம் தேய்க்கத்தான் நேரம் இல்ல. சத்தம் வேற கேக்கும்."

"உடைஞ்சதை எதுக்கு வச்சிருக்க?"

"நீங்க எழுதினது இருக்கு. குப்பையில போட மனசு வரல."

"ஏன் இப்படி செஞ்ச?"

"எட்டு வீட்டை எழுதிட்டு வந்து நீங்க எப்படி இருந்தீங்கன்னு பார்த்தவ நான். இந்த வீட்டையும் உங்க கையாலயே எழுதினா நீங்க எனக்கு மிஞ்சுவீங்களா?" ஒரு துண்டை எடுத்துத் திருப்பி வைத்தாள். "அதுவும் முழுசா நிஜம் இல்லீங்க. எனக்குப் போக மனசில்ல. அதுதான் நிஜம்."

"டிரைவர் வீட்டம்மா கால் போச்சு."

"தெரியும். கல்லைத் தூக்கினதுல நானும் ஒருத்திதானே." அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள் என்றால், தினமும் அந்தச் சோற்றை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டவர் யார்? ஊரில் எந்தச் சுவரில் ஒட்டியிருந்தாலும் அந்தத் துண்டு போலி என்று அவர் பத்தடி தள்ளி நின்றே சொல்லியிருப்பார். தன் வீட்டில் ஒன்றரை மாதம் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. வேறெங்கும் போகவில்லை, முதலில் தன் வீட்டை எழுதினார். பதினேழுக்கு நேராக, உடைந்தது என்று ஆறு முறை. நோட்டை வாங்கிப் பார்த்த இன்ஜினியர் பெண் நிமிரவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னார், மனைவி செய்ததையும், வெள்ளிக்கிழமை டிரைவரிடம் தான் சொன்னதையும். அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"ஐயா, உங்க வீட்டை நம்பித்தான் அந்தக் கோடியில எட்டு வீட்டை இன்னும் விட்டு வச்சிருந்தேன். எல்லாத்தையும் இன்னைக்கே காலி பண்ணணும்."

"பண்ணுங்கம்மா. நானும் வந்து சொல்றேன்."

ஒன்றும் செய்ய முடியாதா என்று அவருக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. பதில் என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கேட்காமல் எழுந்து வந்தார். வாசலில் சிவப்பு வட்டம் போட வந்த ஆள் அவசரத்தில் போட்டதில் வட்டம் கோணலாகப் போனது. மேஸ்திரி பிரஷ்ஷை வாங்கி அவரே சரி செய்தார்.

மேல் தெருவில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. தூர ஊரில் இருக்கிற மகள் போன் செய்து, இங்கே வந்துவிடுங்கள் என்று அழுதாள். வருகிறோம் என்றார்கள், போகவில்லை. கதவு, ஜன்னல், குழாய் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். பதினான்காம் நாள், திங்கட்கிழமை காலை பொக்லைன் இயந்திரம் வந்தது.

ஓட்டுகிற ஆள் வெளியூர். யார் வீடு, யார் கட்டினது என்று அவனுக்கு எதுவும் தெரியாது. மற்ற வீடுகளைப் போல இதுவும் பத்து நிமிட வேலை என்று நினைத்து முன்மூலையில் தட்டினான். பூச்சு உதிர்ந்தது, சுவர் நின்றது. மறுபடி தட்டினான். பன்னிரண்டு எம்எம் கம்பி வெளியே தெரிந்தது, வளைந்தது, விடவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு அடிக்கும் கீழே ஆற்றங்கரைத் தெருவில் ஜன்னல்கள் கடகடத்தன. அங்கே இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்து மேலே பார்த்தார்கள். இன்ஜினியர் பெண் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். இப்படியே அடித்தால் சரிவு மொத்தமும் அசைந்துவிடும் என்றாள்.

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடியும் அவர் மேல் விழுந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், ஒவ்வொரு அடியையும் வீடு தாங்கினபோது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. இன்னொன்றைத் தாங்கு என்று மனதுக்குள் சொன்னார். கீழே குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் அப்படித்தான் சொன்னார்.

ஓட்டுகிறவன் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்தான். "வீட்டுக்காரங்க யாரு? எங்கயாவது பலவீனமான இடம் இருந்தா சொல்லுங்க. ரெண்டு தட்டுல முடிச்சிரலாம். இல்லன்னா கீழ இருக்கிறவங்களுக்கு ஆபத்து."

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, ஆற்றங்கரைத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்படி ஜன்னல்" என்றாள் மனைவி. "மூலைக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்கு பாருப்பா. அங்க தட்டு."

அவன் ஏறி உட்கார்ந்து இயந்திரத்தைத் திருப்பினான். முதல் தட்டில் ஜன்னல் மேல்கட்டை விழுந்தது. இரண்டாவது தட்டில் மூலை உட்கார்ந்தது, மூலையோடு கூரை, கூரையோடு மற்றதெல்லாம் உள்பக்கமாக மடங்கியது. கீழ்ப் பக்கம் ஒரு கல் உருளவில்லை. தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பாடா" என்றான் ஓட்டுகிறவன். "இந்த ஊர்ல இப்படி ஒரு வீட்டை நான் தட்டினதில்ல. கட்டின மேஸ்திரி யாருங்க?"

இன்ஜினியர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருந்தான் ஒருத்தன்" என்றார் மேஸ்திரி. "நல்லாத்தான் கட்டுவான். பார்க்கத்தான் தெரியல."

திங்கட்கிழமை என்பதால் மேல் தெருவில் வேலை பாக்கி இருந்தது. அங்கேயும் கோடு விழ ஆரம்பித்துவிட்டது, கருவியோ இன்னும் வந்தபாடில்லை. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார், மனைவி பிளாஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பையில் இருந்தவை அடுப்படி ஜன்னலிலிருந்து கழற்றிய கண்ணாடியில் வெட்டிய துண்டுகள். எல்லாவற்றுக்கும் ஓரம் தேய்த்திருந்தது. முந்தின நாள் பகல் பூராவும் உட்கார்ந்து தேய்த்தவள் அவள்தான்.